டாக்டரம்மா பதில்கள்: மெட்ரிக் முடித்த மகளுக்கு ஒரு வருடம்

கேள்வி: டாக்டர் அக்காவுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருந்து எழுதுகிறேன். என் தமிழ் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் போன வருடம் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) எழுதினாள். ஐந்து டிஸ்டிங்ஷன். ஃபிஸிக்கல் சயன்ஸில் மட்டும் 71. மெடிசினுக்கு இடம் கிடைக்கவில்லை, பி.எஸ்சி.க்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளோ அது வேண்டாம், கேப் இயர் எடுத்துக்கொண்டு மறுபடி அப்ளை பண்ணுகிறேன் என்கிறாள். வீட்டில் உட்கார்ந்தால் படிப்பு மறந்துபோகும், கடன் வாங்கியாவது வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் அவள் அப்பா. நம் பிள்ளைகளுக்கு இங்கே யார் இடம் கொடுக்கிறார்கள் என்று மாமியார் தினமும் பேசுகிறார். அவளுக்காகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தேன். என்ன செய்யட்டும், சொல்லுங்கள் அக்கா.
– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் பிழை ஒன்றும் கண்ணில் படவில்லை. இப்படி ஒரு கடிதம் தமிழில் வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

மே, ஜூன் மாதத்தில் நடக்கும் மெட்ரிக் மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டதால், அதை மட்டும் உங்களிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். மகள் ஃபிஸிக்கல் சயன்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள் என்று நீங்களும் சொன்னீர்கள். நல்லது. மீதியை இங்கே எழுதுகிறேன், இதே கவலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் உதவும்.

முதலில் மகளிடம் இதைச் சொல்லுங்கள். கேப் இயர் என்று பேசுகிறோமே தவிர, கையில் இருப்பது நான்கைந்து மாதம்தான். நம் குவாசுலு-நடாலில் மெடிசின் விண்ணப்பங்கள் சி.ஏ.ஓ. என்கிற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகின்றன, ஜூன் கடைசியோடு மூடிவிடுகிறார்கள். மற்ற மாகாணங்களில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி. நாட்டில் இப்போது பத்து மருத்துவப் பள்ளிகள் இருக்கின்றன. பத்தாவதை 2021இல் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகம் கெபேஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) தொடங்கியது. டர்பன் ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கேப் டவுனுக்குப் போடுவதாக இருந்தால் என்.பி.டி. என்கிற நாடு தழுவிய தகுதிப் பரீட்சையும் எழுத வேண்டும், அதில் கணக்குத் தாளும் உண்டு. பள்ளிக் கணக்கு மறப்பதற்குள் எழுதிவிடுவது நல்லது.

இந்த முறை அவளுக்கு ஒரு பலம் கூடியிருக்கிறது. போன வருடம் விண்ணப்பித்தபோது அவளிடம் இருந்தது பதினோராம் வகுப்பு மதிப்பெண். இப்போது கையில் இருப்பது முடிந்துபோன மெட்ரிக் மதிப்பெண். மறுதேர்வில் வாங்கும் மதிப்பெண்ணை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் இப்போதே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பி.எஸ்சி. இடம் பற்றி. அதில் பெயர் பதிந்த பிறகு அவளைப் பள்ளி முடித்து வருகிற மாணவியாகப் பல இடங்களில் பார்க்க மாட்டார்கள். ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கான வரிசையில்தான் வைப்பார்கள், அந்த வரிசைக்கு ஒதுக்கிய இடங்கள் குறைவு. சில இடங்களில் பட்டத்தை முடித்துவிட்டு வா என்பார்கள். பி.எஸ்சி. படிக்க ஆசை இருந்தால் தாராளமாகப் போகட்டும். மெடிசினுக்குப் படிக்கட்டாக இருக்கும் என்று நினைத்து மட்டும் போகவேண்டாம்.

வெளிநாடு பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புகிறவர்கள் இங்கே மருத்துவக் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ. வைக்கிற பரீட்சையில் தேறிவிட்டுத்தான் பயிற்சி மருத்துவராக முடியும். இந்தியாவில் சேர வேண்டுமானால் வெளிநாட்டுக் குடிமக்களும் நீட் எழுத வேண்டும். ஒரு வருடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கடன் வாங்க நினைக்கிறார். அந்த வருடம் மிச்சமாகாமலே போகலாம். ஆறு வருடப் படிப்பு, இரண்டு வருடப் பயிற்சி, ஒரு வருடச் சமூக சேவை, மொத்தம் ஒன்பது வருடம். அதற்கு முன்னால் ஒரு வருடம் கூடினால் குடி முழுகிவிடாது.

காகித விஷயம் இவ்வளவுதான். இனி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

நானும் அப்படி ஒரு வருடம் நின்றவள். நான் பிறந்தது மெகசின் பேரக்ஸில், டர்பன் கார்ப்பரேஷன் தன் இந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த வரிசை வீடுகளில். அப்பா கார்ப்பரேஷனில் தோட்ட வேலை. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது எங்களை அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். 1975 கடைசியில் மெட்ரிக் முடித்தேன். மெடிசின் படிக்கக் கிளம்பும் நேரத்தில் அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். வீட்டில் ஆயா (பாட்டி), அம்மா, எனக்குக் கீழே நான்கு பேர். சம்பளம் கொண்டுவர வேறு ஆள் இல்லை.

கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு தமிழ் டாக்டரின் சர்ஜரியில், அதாவது அவர் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கில், வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் டாக்டர்களே மருந்தும் கொடுப்பார்கள். மாத்திரை எண்ணிச் சின்ன பழுப்புக் கவர்களில் போட்டு, சூரியன் படமும் நிலா படமும் வரைந்து, காலை எத்தனை, இரவு எத்தனை என்று புள்ளி வைப்பது என் வேலை. கலவை மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவேன். கார்டு எடுத்துக் கொடுப்பேன். வாரிக் பக்கத்து மார்க்கெட்டிலும் பஸ் நிலையத்திலும் இறங்கி வருகிற ஸூலு ஜனங்கள் காலை ஆறு மணிக்கே வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களிடம் நான் ஃபனகலோவில் பேசினேன். கடைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை வாங்குவதற்கென்று உருவான கலப்பு மொழி அது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் வரும், ஆகவே எனக்கு ஸூலு தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த சர்ஜரியைப் பெருக்கித் துடைக்கிற அம்மா ஒருவர் இருந்தார், உம்லாஸியில் இருந்து வருவார். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, “பிள்ளை, நீ பேசுவது அதிகாரம் பண்ணுகிற பேச்சு. உடம்பு சரியில்லாதவர்களிடம் அதைப் பேசாதே. நான் சொல்லித் தருகிறேன்” என்றார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. சரி என்றேன்.

மத்தியானம் ரொட்டியும் பீன்ஸ் கறியும் பகிர்ந்து சாப்பிடும்போது பாடம் நடக்கும். முதல் பாடம் முறை வைத்துக் கூப்பிடுவது. வயதான பெண் என்றால் கோகோ, பாட்டி. அப்பா வயது என்றால் பாபா. தாத்தா என்றால் ம்குலு. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. நம் வீட்டுப் பழக்கம் அப்படியே அங்கேயும் இருந்தது. அப்புறம் “குபுஷ்லுங்கு கூப்பி?”, எங்கே வலிக்கிறது? அந்த ‘ஷ்ல’ ஒலியை நாக்கின் ஓரத்தில் காற்று விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிபட இரண்டு வாரம் ஆனது. ‘ழ’ சொல்லிப் பழகிய நாக்குக்கு அதுவும் வரும் தங்கச்சி, உங்கள் மகளுக்கும் வரும்.

அந்த 1976 ஜூன் 16 அன்றுதான் சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஆஃப்ரிகான்ஸில் பாடம் நடத்துவதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள், போலீஸ் சுட்டது. மறுநாள் அந்த அம்மா வேலைக்கு வந்து ஒன்றும் பேசாமல் தரையைத் துடைத்தார். அன்றைக்குப் பாடம் வேண்டாம் என்று நான் நினைத்தேன். அவர்தான் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். எந்த மொழியில் நமக்குப் பாடம் சொல்கிறார்கள், எந்த மொழியில் நம் வலியைக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் உயிர் போகிற விஷயம் என்று அந்த வாரம்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த வருடம் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தேன். பல வருடம் கழித்து நடந்ததைச் சொல்கிறேன். வார்டில் ஒரு கோகோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “இன்ஷ்லிஸியோ யாமி இபுஷ்லுங்கு” என்று அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர் ‘இதயம் வலிக்கிறது’ என்று மொழிபெயர்க்க, புதிதாக வந்த இளம் டாக்டர் ஈசிஜி எடுத்தார், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார், எல்லாம் சரியாக இருந்ததும் வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஈசிஜி எடுத்தது தவறே இல்லை, எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த வார்த்தைக்கு ‘மனசு வலிக்கிறது’ என்றும் அர்த்தம் உண்டு. நம் தமிழில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்கிறோமே, அதே மாதிரிதான். நான் கட்டிலில் உட்கார்ந்து, கோகோ, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரே மாதத்தில் இரண்டு மகள்களைப் புதைத்துவிட்டு வந்திருந்தார். பேரப்பிள்ளைகள் மூன்று பேர் பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.வி. மாத்திரை 2004இல்தான் வர ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருடங்களில் இப்படி எத்தனை கோகோக்களைப் பார்த்தேன் என்று கணக்கில்லை. கொடுக்க மருந்து இல்லாத நாளிலும் உட்கார்ந்து பேச முடிந்தது. அந்தப் பேச்சை எனக்குக் கொடுத்தது என் படிப்பில்லாத அந்த ஒரு வருடம்.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இந்த வருடம் அவள் ஸூலு கற்கட்டும். குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் 2014 முதல் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு ஸூலுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது, அந்த மொழி தெரியாதவர்கள் ஒரு பாடமாகவாவது படிக்க வேண்டும். அது பரீட்சைக்குப் போதும், வார்டுக்குப் போதாது. ஃபீனிக்ஸில் இருந்து எட்டிப் பார்த்தால் இனாண்டா, இந்தப் பக்கம் குவாமாஷு, இரண்டும் ஸூலு ஜனங்களின் ஊர்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்த ஊர்களுக்கு நடுவே நடந்ததை ஃபீனிக்ஸில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம், மினிபஸ் டாக்ஸியில் பக்கத்தில் உட்கார்கிற தாத்தாவிடம் தினமும் அரைமணி நேரம் பேசட்டும். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், அப்புறம் திருத்துவார்கள்.

கூடவே வாரத்தில் மூன்று நாளாவது உடம்புக்கு முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகட்டும். சாட்ஸ்வர்த்தில் ஆரிய பெனவலன்ட் ஹோம் போன்ற முதியோர் இல்லங்கள் இருக்கின்றன, ஹாஸ்பிஸ் இருக்கிறது. உங்கள் பக்கத்திலும் விசாரித்தால் தெரியும். செயின்ட் ஜான் முதலுதவி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுப் போனால் நம்பி வேலை கொடுப்பார்கள். பெரிய வேலை கொடுக்க மாட்டார்கள். கஞ்சி ஊட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, சில சமயம் மலம் துடைப்பது. அதை முகம் சுளிக்காமல் செய்ய முடிகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

செய்து பார்த்து மனம் மாறினால் என்ன என்று போனில் கேட்டீர்கள். மாறட்டும். என்னோடு படித்த ஒரு பையன் நான்காம் வருடத்தில் வார்டுக்கு வந்த பிறகுதான் தனக்கு இது ஆகாது என்று தெரிந்துகொண்டான். பெற்றவர்கள் மனம் நோகும் என்று படிப்பை முடித்தான். இருபது வருடம் மருத்துவம் பார்த்தான், ஒருநாள்கூட அவன் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பதினெட்டு வயதில் மனம் மாறினால் அழுதுவிட்டு எழுந்துவிடலாம்.

உங்கள் மாமியாரிடம் மரியாதையோடு ஒன்று சொல்லுங்கள். சில நூறு இடங்களுக்குப் பல ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். எல்லா நிறத்துப் பிள்ளைகளும் நல்ல மார்க்கோடு ஏமாந்து திரும்புகிறார்கள். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று கதவுகள் மூடியிருந்த காலத்தில்தான் கறுப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் என 1951இல் டர்பன் மருத்துவப் பள்ளி தொடங்கியது. நாங்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தோம். நாளைக்கு இந்தப் பெண்ணோடு படிக்கப்போகிறவர்கள் மீதும், அவளிடம் வைத்தியத்துக்கு வரப்போகிறவர்கள் மீதும் இப்போதே கசப்பை ஊட்டாதீர்கள். வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு பிள்ளையின் காதில் தங்கிவிடும்.

ஒரு வேண்டுகோள். அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதற்காகச் சமையலும் தம்பியின் டியூஷனும் மாமியாரின் கிளினிக் வரிசையும் அவள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளின் கேப் இயர் பல வீடுகளில் அப்படித்தான் கரைந்துபோகிறது. பையனாக இருந்தால் விட்டிருப்போம் இல்லையா? மே மாதம் வரை காலை இரண்டு மணி நேரம் ஃபிஸிக்கல் சயன்ஸ் படிக்க அவளுக்கு ஒரு கதவு மூடிய அறை வேண்டும்.

காவடி எடுத்தது நல்லது. எனக்காக ஆயாவும் எடுத்தார். ஜூன் கடைசியில் விண்ணப்பம் போனதும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஸூலுவில் எழுதட்டும், நான் படிப்பேன்.

கேள்வி: டாக்டர் ஆன்ட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கிறேன். எனக்கு இந்த வருடம் மெடிசின் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று வருடமாகத் தூங்காமல் படித்துக் களைத்துவிட்டேன். ஒரு வருடம் தமிழ்நாட்டில் தாத்தாவின் ஊரைத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் சேரலாமா?

பதில்: தம்பி, கிடைத்த இடத்தை அடுத்த வருடத்துக்கு வைத்திருப்போம் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தந்தால் போய் வா. வாய்ச்சொல்லை நம்பி விடாதே. எழுதித் தர மறுத்தால் இப்போதே சேர்ந்துவிடு. அந்த இடத்துக்காக மறுபடி வரிசையில் நிற்பது இந்தக் களைப்பைவிடப் பெரிய களைப்பு. ஊரை டிசம்பர் விடுமுறையில் தேடலாம். கிளம்பும் முன் கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்த எண்ணைக் கண்டுபிடி. நடாலுக்கு வந்த கூலித் தொழிலாளர்களின் கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் எழுதியிருக்கிறார்கள், அது இல்லாமல் போனால் சுற்றிவிட்டுத்தான் வருவாய்.

இன்னொன்றும் கேட்கிறேன். களைப்பு என்கிறாயே, தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆசை இல்லாமல் இருக்கிறதா? அப்படியானால் அது விடுமுறையால் தீராது. வீட்டில் சொல்லிவிட்டு இந்த வாரமே ஒரு டாக்டரைப் போய்ப் பார். பல்கலைக்கழகத்திலும் மாணவர்களுக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே போய் அவர்கள் அறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில், பள்ளியில் லைஃப் சயன்ஸ் டீச்சராக இருக்கிறேன். வயது 29. பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். டாக்டராகும் ஆசை போகவில்லை. இத்தனை வருடம் வீணாகிவிட்டதே, இனிமேல் முடியுமா டாக்டர்?

பதில்: முடியும் அம்மா. உங்கள் ஊரிலேயே விட்ஸ் பல்கலைக்கழகத்தில், தேவையான அறிவியல் பாடங்களோடு பட்டம் பெற்றவர்களை நுழைவுத் தேர்வு வைத்து நேராக மூன்றாம் வருடத்தில் சேர்க்கிறார்கள். ஜெம்ப் என்பார்கள். நான்கு வருடம், அப்புறம் பயிற்சியும் சமூக சேவையும் சேர்த்து மூன்று. 30இல் சேர்ந்தால் 37 வயதில் முழு டாக்டர். உங்கள் பி.எஸ்சி. பாடங்களில் எவை விட்டுப்போயிருக்கின்றன என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள், விட்டதைத் தனியாக முடிக்க வேண்டியிருக்கும். அதுவரை வேலையை விட வேண்டாம்.

வீணான வருடம் என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு இதயம் எப்படித் துடிக்கிறது என்று புரியும்படி சொன்னவர் நீங்கள். நோயாளிக்குப் புரியும்படி சொல்லத் தெரியாத டாக்டர்களோடு நான் நாற்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு பாராவாவது எழுதுங்கள், எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னீர்கள் என்று விவரமாக.